செரிமானம் நடைபெறுவது எப்படி? பொதுவான வயிற்றுக் கோளாறுகளும் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை அறிகுறிகளும்

ஒரு கவளம் உணவு வாய்க்குள் சென்றது முதல் அதன் சக்கை உடலை விட்டு வெளியேறுவது வரை பொதுவாக ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகின்றன. இந்த நீண்ட பயணத்தில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் பேச்சுவழக்கில் அதற்கு 'வயிற்றுக் கோளாறு' அல்லது 'வாயுத் தொல்லை' என்ற பெயரே வழங்கப்படுகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஒரு மாத்திரையே எல்லாவற்றுக்கும் தீர்வாகவும் கருதப்படுகிறது. ஆனால் நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் செரிமானப் பாதையின் வெவ்வேறு பகுதிகளில், வெவ்வேறு காரணங்களால் தோன்றுபவை. எந்த உறுப்பு எந்தப் பணியைச் செய்கிறது என்பதை அறிந்தால், வீட்டிலேயே சரிசெய்யக் கூடியது எது, உடனடியாக மருத்துவரிடம் செல்ல வேண்டியது எது எனப் பிரித்தறிவது எளிதாகும்.

வாயில் தொடங்கும் பணி

செரிமானம் வயிற்றில் தொடங்குகிறது என்பது பலரின் எண்ணம். உண்மையில் அது வாயிலேயே தொடங்கிவிடுகிறது. பற்கள் உணவை அரைக்கும்போது உமிழ்நீர் அதனுடன் கலக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகிறது. சோற்றையோ சப்பாத்தியையோ நெடுநேரம் மென்றால் லேசான இனிப்பு தோன்றுவது இதனால்தான்.

விழுங்கிய உணவு சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியாகச் சில நொடிகளில் இரைப்பையை அடைகிறது. உணவுக்குழாயின் தசைகள் அலை அலையாகச் சுருங்கி அதைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள வளையத் தசை, உணவு வரும்போது திறந்து, பின்னர் மூடிக்கொள்கிறது.

அமிலம் நிறைந்த இரைப்பை

இரைப்பை நாள்தோறும் சுமார் 2 லிட்டர் செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம், உணவுடன் வரும் கிருமிகள் பலவற்றை அழிக்கிறது. பெப்சின் என்ற நொதி புரதத்தை உடைக்கிறது. வைட்டமின் பி12 சத்து பின்னர் சிறுகுடலில் உறிஞ்சப்படுவதற்குத் தேவையான ஒரு புரதமும் இரைப்பையிலேயே சுரக்கிறது. இத்தனை கடுமையான அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் தடுப்பது, அதன் உட்சுவரில் படிந்துள்ள கோழைப் படலமாகும்.

உணவு இரைப்பையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் தங்கிக் கூழாக மாறுகிறது. நீர் விரைவில் கடந்துவிடும்; எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவு அதிக நேரம் தங்கும். விருந்துக்குப் பின் வயிறு கனமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

சத்துகளை உறிஞ்சும் சிறுகுடல்

செரிமானத்தின் பெரும்பகுதி ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில்தான் நடைபெறுகிறது. அதன் தொடக்கப் பகுதியில் கல்லீரலில் இருந்து பித்தநீரும், கணையத்தில் இருந்து கணைய நீரும் வந்து சேர்கின்றன. பாத்திரத்தில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீர் பிரிப்பதைப் போல, பித்தநீர் கொழுப்பை நுண்துளிகளாகப் பிரிக்கிறது. கணைய நீர், இரைப்பையில் இருந்து வந்த அமிலத்தின் கடுமையைத் தணிப்பதுடன், மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைக்கும் நொதிகளையும் கொண்டுள்ளது.

உடைந்த சத்துகளைச் சிறுகுடலின் உட்சுவரில் உள்ள விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் உள்வாங்குகின்றன. குளுக்கோசும் அமினோ அமிலங்களும் இரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர் நாளங்கள் வழியாகச் சென்று பின்னர் இரத்தத்தை அடைகிறது.

நீரை மீட்கும் பெருங்குடல்

சுமார் 1.5 மீட்டர் நீளமுள்ள பெருங்குடல், எஞ்சிய நீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொள்கிறது. இங்கு வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள், மனித நொதிகளால் உடைக்க முடியாத நார்ச்சத்தை நொதிக்கச் செய்கின்றன. அதன் விளைவாகக் குடல் சுவருக்கு ஊட்டம் தரும் கொழுப்பு அமிலங்களும், வைட்டமின் கே போன்ற சத்துகளும், அவற்றுடன் வாயுவும் உருவாகின்றன. எனவே ஓரளவு வாயு வெளியேறுவது நோயன்று. இயல்பான நிகழ்வே ஆகும்.

இந்தப் பாதை முழுவதையும் இயக்க, குடல் சுவரிலேயே 10 கோடிக்கும் அதிகமான நரம்பு செல்கள் உள்ளன. இவை மூளையுடன் இடையறாது தொடர்பில் இருப்பதால்தான் தேர்வு நாளிலும் நேர்காணலின்போதும் வயிறு கலங்குகிறது.

நெஞ்செரிச்சல்

இரைப்பையின் வாயிலில் உள்ள வளையத் தசை தளரும்போது அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுகிறது. இரைப்பைக்கு உள்ள கோழைப் பாதுகாப்பு உணவுக்குழாய்க்கு இல்லாததால் எரிச்சல் உண்டாகிறது. புளித்த ஏப்பம், படுத்தால் அதிகரிக்கும் எரிச்சல், இரவில் தொடரும் வறட்டு இருமல் ஆகியவை இதன் அறிகுறிகள். உடல் பருமன், புகைபிடித்தல், மதுப்பழக்கம், இரவில் தாமதமாக வயிறு நிறைய உண்பது ஆகியவை இதைத் தூண்டுகின்றன. கர்ப்பிணிகளுக்கும் இது அடிக்கடி ஏற்படுவதுண்டு.

இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு முதல் மூன்று மணி நேர இடைவெளி, படுக்கையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துதல், இடப்பக்கமாகப் படுத்தல், உடல் எடையைக் குறைத்தல் ஆகியவை பெரும்பாலானோருக்குப் பலன் தருகின்றன. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகள் பயனுள்ளவையே. எனினும் மருத்துவ ஆலோசனையின்றி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வைட்டமின் பி12, மக்னீசியம் ஆகியவற்றின் அளவு குறையக்கூடும். அதைவிட முக்கியமாக, அடியில் இருக்கும் நோய் வெளியே தெரியாமல் போகலாம்.

இரைப்பைப் புண்

கவலையும் காரமும்தான் 'அல்சர்' எனப்படும் புண்ணுக்குக் காரணம் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மருத்துவர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் 1982-ஆம் ஆண்டில் 'ஹெலிகோபேக்டர் பைலோரி' என்ற பாக்டீரியாவை இரைப்பையில் கண்டறிந்து, பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணம் என நிறுவினர். மருத்துவ உலகம் ஏற்கத் தயங்கியதால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். இருவருக்கும் 2005-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கண்டுபிடிப்பால், ஆயுள் முழுவதும் தொடரும் தொல்லை எனக் கருதப்பட்ட நோய், குறிப்பிட்ட நாட்களுக்கு உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் மருந்துகளால் குணமாகக் கூடியதாக மாறியது. மற்றொரு முக்கியக் காரணம் வலி நிவாரணிகள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைப் பலவீனப்படுத்துகின்றன. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் இவற்றைத் தாமாகவே வாங்கித் தொடர்ந்து உட்கொள்வோர் கவனமாக இருக்க வேண்டும். காரமான உணவு புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள எரிச்சலை அதிகப்படுத்தலாம்.

வாயுவா, மாரடைப்பா?

உயிரைப் பறிக்கக்கூடிய குழப்பம் இதுதான். இதயத்தின் கீழ்ப்பகுதியைப் பாதிக்கும் மாரடைப்பு, மேல் வயிற்று வலியாகவும் குமட்டலாகவும் ஏப்பமாகவும் வெளிப்படலாம். நீரிழிவு நோயாளிகள், முதியோர், பெண்கள் ஆகியோரிடம் மார்பு வலியே இல்லாமலும் மாரடைப்பு ஏற்படுவதுண்டு. 'வாயுதான்' என்று எண்ணிச் சோடா குடித்தும், ஓமநீர் அருந்தியும் காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை சேதமடைந்துகொண்டிருக்கும்.

மேல் வயிற்றிலோ நெஞ்சிலோ அழுத்தம், அத்துடன் வியர்வை, மூச்சுத்திணறல், தாடை, தோள் அல்லது கைக்குப் பரவும் வலி, நடந்தால் அதிகரிக்கும் வேதனை ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதமின்றி 108 அல்லது 112 என்ற எண்ணை அழைத்து, இசிஜி வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பரிசோதனையில் வாயு என்று தெரியவந்தால் இழப்பு ஏதுமில்லை.

பாலும் கோதுமையும் ஒவ்வாதபோது

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் நொதி தேவை. குழந்தைப் பருவம் கடந்தபின் பலருக்கு இதன் சுரப்பு குறைந்துவிடுகிறது. அவர்கள் பால் அருந்தினால் உப்புசமும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். தயிர் உறையும்போது பாக்டீரியாக்கள் லாக்டோசின் ஒரு பகுதியை உடைத்துவிடுவதால், பால் ஒவ்வாத பலருக்கும் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன.

சீலியாக் நோய் இதிலிருந்து வேறுபட்டது. கோதுமை, பார்லி ஆகியவற்றில் உள்ள குளூட்டன் புரதத்துக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே செயல்பட்டுக் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. கோதுமையை முதன்மை உணவாகக் கொண்ட வட இந்திய மாநிலங்களில் இந்நோய் அதிகம் கண்டறியப்படுகிறது. தொடர் வயிற்றுப்போக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத இரத்த சோகை, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள். சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. அவ்வாறு நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

பித்தப்பைக் கற்கள்

பித்தநீரில் உள்ள கொலஸ்ட்ரால் உள்ளிட்ட பொருட்கள் படிந்து கற்களாகின்றன. தென் மாநிலங்களைவிட வட மாநிலங்களில், குறிப்பாகக் கங்கைச் சமவெளியில், இப்பாதிப்பு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக ஏற்படுகிறது. பலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வலப்பக்க மேல் வயிற்றில் தோன்றி, வலத்தோளுக்குப் பரவும் வலி இதன் அடையாளம். கல் நகர்ந்து பித்தநாளத்தை அடைத்தால் மஞ்சள் காமாலையும் கணைய அழற்சியும் ஏற்படக்கூடும்.

வயிற்றுப்போக்கு: இழந்த நீரை மீட்பதே சிகிச்சை

நாம் அருந்தும் நீரும், உமிழ்நீர் முதல் கணைய நீர் வரையான சுரப்புகளும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் செல்கிறது. அதில் 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே மலத்துடன் வெளியேறுகிறது. மற்ற அனைத்தையும் குடல் மீட்டுவிடுகிறது. கிருமியோ நச்சோ இந்த மீட்புப் பணியைக் குலைக்கும்போது சில மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. வயிற்றுப்போக்கால் நேரும் மரணங்களுக்கு நீரிழப்பே முதன்மைக் காரணம்.

இதற்கான தீர்வு உருவானதில் இந்தியாவுக்குப் பெரும் பங்குண்டு. காலரா கிருமி வெளியிடும் நச்சே குடலில் நீரைப் பெருகச் செய்கிறது என்பதை கொல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் சம்புநாத் டே 1959-ஆம் ஆண்டில் நிறுவினார். குளுக்கோசும் சோடியமும் சேர்ந்திருந்தால் குடல் அவ்விரண்டையும் ஒன்றாக உறிஞ்சும் என்பதும், அவற்றுடன் நீரும் உள்ளே ஈர்க்கப்படும் என்பதும் 1960-களில் தெளிவாயின. காலரா பாதித்த குடலிலும் இந்த வழி அடைபடுவதில்லை.

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாகச் செலுத்தும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைக் குடிநீரில் கரைத்து நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதனைக் கொடுத்து வந்தனர். சுமார் 30 சதவீதமாக இருந்த உயிரிழப்பு 4 சதவீதத்துக்கும் கீழ் குறைந்தது. உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் உலகெங்கும் ஏற்கப்படுவதற்கு இந்த அனுபவம் வலுவான சான்றாக அமைந்தது. 2022-இல் காலமான அவருக்கு 2023-ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

ஓஆர்எஸ் கரைசலைத் தயாரிக்கும்போது உறையில் குறிப்பிட்டுள்ள அளவு தூய நீரில் முழுப் பொடியையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறை மலம் கழித்த பின்னும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடரலாம். பொட்டலம் கிடைக்காதபோது ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துத் தரலாம். உப்பு அளவு மீறினால் ஆபத்து. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் பரிந்துரைக்கப்படுகிறது.

குளிர்பானங்களும் பெட்டிகளில் விற்கப்படும் இனிப்புப் பானங்களும் ஓஆர்எஸ் கரைசலுக்கு மாற்றாகா. அவற்றில் மிகுந்துள்ள சர்க்கரை வயிற்றுப்போக்கை அதிகப்படுத்தக்கூடும். உலக சுகாதார அமைப்பின் கலவை விகிதத்தைப் பின்பற்றாத பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' என்ற சொல் இடம்பெறக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது உறையில் உலக சுகாதார அமைப்பின் கலவை எனக் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நல்லது.

கண்கள் குழிவிழுதல், நா வறட்சி, அழும்போது கண்ணீர் வராமை, சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவை கடும் நீரிழப்பின் அடையாளங்கள். இவை தென்பட்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குழந்தைகளிடம் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான தடுப்பூசி, தேசிய தடுப்பூசித் திட்டத்தில் 2016-இல் சேர்க்கப்பட்டு, 2019-இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இது அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது.

மலச்சிக்கலும் மூலமும்

வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாக மலம் கழிப்பதும், மலம் இறுகி முக்க வேண்டியிருப்பதும் மலச்சிக்கல் எனப்படும். தினமும் மலம் கழித்தே ஆக வேண்டும் என்பது கட்டாயமன்று. நார்ச்சத்தும் நீரும் குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, உந்துதலை அடக்குதல் ஆகியவை பொதுவான காரணங்கள். இரும்புச்சத்து மாத்திரைகள், தைராய்டு குறைபாடு, நீரிழிவு ஆகியவையும் காரணமாகலாம்.

வயது வந்தோர் நாள்தோறும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும் 400 கிராம் காய்கறி, பழங்களும் உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. முழுத் தானியங்கள், பருப்பு, கீரை, கொய்யா போன்றவற்றிலிருந்து இதனைப் பெறலாம். குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் விளையும் இசப்கோல் உமி நல்ல பலன் தரும். ஆனால் அதைப் போதிய நீருடன் உட்கொள்ள வேண்டும். இல்லையெனில் அடைப்பை ஏற்படுத்தக்கூடும். காலை உணவுக்குப் பின் குடல் இயல்பாகவே இயக்கம் பெறுவதால் அந்நேரத்தில் கழிப்பறை செல்லும் வழக்கம் உதவும்.

தொடர்ந்து முக்குவதால் ஆசனவாயின் இரத்த நாளங்கள் வீங்கி மூலம் உண்டாகிறது. மலத்துடன் வரும் இரத்தம் அனைத்தும் மூலத்தால் வருவதே என்று முடிவு செய்துவிடக் கூடாது. பெருங்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

எரிச்சலூட்டும் குடல்

'ஐபிஎஸ்' எனப்படும் இந்நிலையில் வயிற்று வலி, உப்புசம், வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் மாதக்கணக்கில் மாறி மாறி வரும். பரிசோதனைகளில் குறை எதுவும் தெரியாது. இதனால் நோயாளி கற்பனை செய்வதாகக் குடும்பத்தினர் நினைப்பதுண்டு, அது தவறு. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பு மிகை உணர்வுடன் செயல்படுவதே இதன் அடிப்படை. உணவு மாற்றம், உறக்கம், உடற்பயிற்சி, மன அழுத்தத்துக்கான சிகிச்சை ஆகியவற்றால் கட்டுப்படுத்தலாம். இந்நோயில் எடை குறைவதோ இரத்தம் வெளியேறுவதோ இல்லை. அவை இருந்தால் குடல் அழற்சி நோய், குடல் காசநோய் போன்றவை உள்ளனவா என ஆராய வேண்டும். இந்தியாவில் நீடித்த வயிற்று வலி, மாலைநேரக் காய்ச்சல், எடை குறைவு ஆகியவை சேர்ந்திருந்தால் காசநோயை மருத்துவர்கள் கருத்தில் கொள்கின்றனர்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

* கருமையாகத் தார் போன்ற மலம், இரத்த வாந்தி அல்லது மலத்தில் இரத்தம்
* முயற்சியின்றி உடல் எடை குறைதல், காரணம் தெரியாத இரத்த சோகை
* உணவை விழுங்குவதில் சிரமம்
* கண்களும் தோலும் மஞ்சளாதல்
* தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு நகரும் வலி. இது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். பேதி மருந்து கொடுக்கக் கூடாது.
* வயிறு கல் போல இறுகுதல், மலமும் வாயுவும் அறவே வெளியேறாமல் வாந்தி தொடர்தல்
* நடுத்தர வயதுக்குப் பின் மலம் கழிக்கும் வழக்கத்தில் புதிதாக ஏற்பட்டு நீடிக்கும் மாற்றம்

இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்திலோ தாமாக வாங்கும் மாத்திரையிலோ நாட்களைக் கடத்தக் கூடாது. மருத்துவரிடம் செல்லும்போது வலி எந்த இடத்தில், எப்போது தொடங்கியது, உணவுக்கு முன்பா பின்பா, என்னென்ன மாத்திரைகள் உட்கொள்ளப்பட்டன என்பவற்றைக் குறித்து எடுத்துச் செல்வது நோயை விரைந்து கண்டறிய உதவும். மற்றபடி, நன்கு மென்று உண்பது, குறித்த நேரத்தில் அளவாக உண்பது, தூய நீர் அருந்துவது, உண்ணும் முன்பும் கழிப்பறைக்குச் சென்ற பின்பும் சோப்பிட்டுக் கை கழுவுவது ஆகிய எளிய பழக்கங்களே செரிமானக் கோளாறுகளில் பலவற்றைத் தடுக்கப் போதுமானவை.